கழற்றாமல் விட்ட பற்றரி வயர்

என் மனைவியின் வலது மணிக்கட்டில் காப்புப் போலவே வளைந்த ஒரு தழும்பு இருக்கிறது. அதற்குக் காரணம் நான். அது அவளுடைய கவலையீனம் என்று எல்லோரிடமும் சொன்னவனும் நான்தான்.

நான் பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். கரவெட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய யப்பான் காரை இதுவரை எந்தக் கராச்சுக்கும் அனுப்பியதில்லை. கண்ணுக்குத் தெரியாத போல்ட்டை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொக்கெட்டுக்குள் ஒரு துண்டுக் கடதாசியை மடித்து வைத்தால் போல்ட் நழுவி விழாது. புரி பிடிக்கவைக்க முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். மெல்லிய ஒரு துள்ளல் விரலுக்குத் தெரியும். அதன் பிறகுதான் முறுக்கலாம். இதெல்லாம் கை போகிற இடத்தில் சரி. ஸ்டார்ட்டர் மோட்டரின் கீழ்ப் போல்ட்டுக்கு என் கை போகாது. முழங்கைவரை எண்ணெய் பூசியும் பார்த்தேன். மனைவியின் கை போகும்.

அந்த வேலையில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு விரலால் தேடுவாள். "வந்திட்டுது. கொஞ்சம் கதைக்காமல் நில்லுங்கோ, புரி பிடிக்கிற சத்தம் கேக்கோணும்" என்பாள்.

தழும்பு விழுந்த அன்று, திருத்திய ஸ்டார்ட்டரைத் திரும்ப ஏற்றி மேல் போல்ட்டைப் பூட்டியதும் எனக்குப் பொறுமை இல்லை. பற்றரி வயரைக் கொழுவி, கார்த் திறப்பைத் திருகி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். மோட்டர் அருமையாகச் சுற்றியது. கீழ்ப் போல்ட் மட்டும் மிச்சம். வயரைத் திரும்பக் கழற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நட்டைத் தளர்த்துகிற வேலை. கழற்றவில்லை.

"பற்றரி கழட்டியாச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம். கையை உள்ளே விடும்."

அவளுடைய தங்கக் காப்பு மோட்டரின் மின் முனையிலும் எஞ்சின் இரும்பிலும் ஒருமிக்கப் பட்டது. பொறி பறந்தது. கையை இழுத்தெடுப்பதற்குள் காப்பு தோலைச் சுட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டித்தான் எடுத்தார்கள்.

சுன்னாகத்தில் வெங்காய வியாபாரம் செய்யும் அவளுடைய அண்ணை ஓடிவந்தார். "என்ன மச்சான் நடந்தது?"

"பொறும், பொறும் எண்டு சொல்லச் சொல்ல, உவ அவசரப்பட்டுக் கையை விட்டிட்டா."

கட்டிலில் இருந்த மனைவி என்னைப் பார்த்தாள்.

அண்ணைக்கு அது பகிடியாகிவிட்டது. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும், "எஞ்சினியர் அம்மா வாறா, பற்றரியளை ஒளியுங்கோ!" அவள் சிரிப்பாள். ஆனால் காருக்குக் கிட்ட வருவதை விட்டுவிட்டாள். நான் பொனற்றைத் திறந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

நகை செய்யும் பத்தரிடம் கொடுத்துக் காப்பை ஒட்டுவித்துக் கொண்டுவந்தேன். "நல்லாய் ஒட்டியிருக்கிறார்" என்று சொல்லி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இந்தத் தைப்பொங்கலுக்கு அண்ணை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மறுபடி அந்தப் பகிடியைத் தொடங்கினார். இந்த முறை நான் குறுக்கே புகுந்தேன்.

"கழட்டியாச்சோ எண்டு அவ கேட்டவ. நான்தான் ஓம் எண்டு பொய் சொன்னனான். ஆஸ்பத்திரியிலையும் உங்களுக்குப் பொய்தான் சொன்னனான். அவவிலை ஒரு பிழையும் இல்லை."

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "உதை விடுங்கோ மச்சான்! பௌதிக மாஸ்டர் பற்றரி கழட்டாமல் விடுவாரோ? பெண்சாதியை விட்டுக்குடுக்கமாட்டியள், அது எங்களுக்குத் தெரியும்."

மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சொல்லச் சொல்ல என் மதிப்புத்தான் கூடியது.

திரும்பி வரும்போது காருக்குள் மனைவி, "அண்டைக்கே சொல்லியிருந்தால் நம்பியிருப்பினம்" என்றாள்.

போன மாதம் ஸ்டார்ட்டரை மறுபடி இறக்க வேண்டிவந்தது. கீழ்ப் போல்ட்டோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"விலகுங்கோ. பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தாங்கோ."

"பற்றரி கழட்டியாச்சு" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அவள் அதைக் காதில் விழுத்தவில்லை. நான் கழற்றிய வயரைத் தூக்கிப் பார்த்துப் பழைய துணியால் சுற்றினாள். பிறகு அந்த ஸ்பானரால் பற்றரியின் மற்ற வயரையும் தானே கழற்றினாள்.

"இப்ப ரோச் வெளிச்சத்தைப் பிடியுங்கோ."

பிடித்தேன். அவளுடைய வெறுங்கை எஞ்சினுக்குப் பின்னால் இறங்கியது. ஒட்டிய காப்பு இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.