சந்தனம் மணத்த மெமரி

எங்கள் வீட்டு சர்வர், ஒரு அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய கணினி. சிதம்பரத்து வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி பாட்டு டீச்சர். தான் பாடிப் பதிவுசெய்த பாடங்களை அதில்தான் வைத்திருந்தாள். கூடத்தில் அதோடு இணைத்த மூன்று கணினிகள். பிள்ளைகள் ஹெட்ஃபோனில் பாடம் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராக அவளிடம் வந்து பாடிக் காட்டுவார்கள். இரண்டு பேர் கேட்டால் தொல்லையில்லை. மூன்றாமவர் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

2009 நவராத்திரியின்போது அவள் தீர்மானமாகச் சொன்னாள்: "விஜயதசமிக்குப் புதுசா பிள்ளைங்க சேர வராங்க. அன்னைக்கும் நின்னுச்சுன்னா நான் பழையபடி டேப் ரெக்கார்டருக்கே போயிடுவேங்க. உங்க பொட்டிய நீங்களே வச்சிக் கேட்டுக்குங்க."

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. மூவர் கேட்கும்போது மெமரி நிரம்பி, மிச்ச வேலை மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் போய் விழுந்தது. அதிக மெமரி போட்டால் தீர்ந்தது. ஆனால் எங்கள் கணினிக்குப் பழைய ரக மெமரிதான் பொருந்தும். அது அருகிப்போனதால், புதிதாக வாங்கினால் அடுத்த ரகத்தைவிட விலை கூடுதல்.

"மாமா, அத எடைக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க" என்றான் கடலூரில் இருந்த மைத்துனன், ஃபோனில்.

மெமரி போதாததற்குக் கணினியையே மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் கடலூர்க் கடை ஒன்றுக்குப் போனேன். ஒரே அளவில், ஒரே வேகத்தில் இரண்டு மெமரிப் பட்டைகளைத் தேர்ந்தேன். மெமரியைச் சோதிக்கும் சிடியும் கொண்டுபோயிருந்தேன். கடைக்கணினியில் பட்டைகளைப் பொருத்தி, சோதனை முழுதாக இரண்டு சுற்று ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் உக்கார மாட்டாங்க சார்" என்றார் கடைக்காரர்.

"அங்க பஜ்ஜி குடுப்பாங்க. இங்க அதுவும் இல்ல" என்றேன்.

மறுநாள் ஆயுத பூஜை. சுருதிப் பெட்டி, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றோடும் பட்டைகளும் பூஜையில் அமர்ந்தன. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுப்போம். அன்று எடுத்துப் பொருத்தினேன். திரை இருட்டாகவே இருந்தது; கணினி நீளநீளமாகக் கூவியது. மெமரி தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"நான்தான் அப்பவே சொன்னனே மாமா, பழசத் தலையில கட்டிட்டான்" என்றான், பண்டிகைக்கு வந்திருந்த மைத்துனன். மனைவி டேப் ரெக்கார்டரைத் துடைத்துக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

எனக்குக் கடைக்காரர்மேல் சந்தேகம் வரவில்லை. என் கண்ணெதிரே இரண்டு சுற்று ஓடிய பொருள் அது. கடைக்கும் இந்தக் காலைக்கும் நடுவில் நடந்தது பூஜை மட்டும்தான். மின்சாரத்தைத் துண்டித்துப் பட்டைகளைக் கழற்றினேன். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம் மணத்தது.

"மச்சான், நேத்து பொட்டு வச்சது யாரு?"

"நான்தான். எல்லாத்துக்கும் வச்சனே." அவன் குரல் இறங்கியது. "காலையில நல்லாத் தொடச்சிட்டுத்தான் மாமா குடுத்தேன்."

துடைத்ததுதான் வினை. மின்தொடர்பு கொடுக்கும் ஓரத்துப் பொன்னிறப் பற்களில் சந்தனம் இழுபட்டுக் காய்ந்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களைத் தேய்த்தேன். பொருத்தும் பள்ளத்தையும் உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். மறுபடி போட்டதும் ஒரே ஒரு குட்டைக் கூவல். திரையில் முழு மெமரியும் தெரிந்தது.

"யாரோ தலையில கட்டிட்டாங்கன்னு சொன்னியேடா" என்றாள் மனைவி.

"அக்கா, சாமி விஷயத்துல குத்தம் சொல்லாத."

பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பேர் ஹெட்ஃபோன் மாட்டினார்கள். மூன்றாவது சிறுமி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டாள். பாடம் முடியும்வரை அந்தக் கை நிற்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, தம்பியைக் கூப்பிட்டாள்.

"இந்த டேப்ப எடுத்து உள்ள வச்சிடு. பொட்டு கிட்டு வைக்காத."