காக்கை சுடும் நாளில் அம்மாவின் திதி

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிள்ளானில் நாங்கள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் நடந்தது இது. அன்று என் அம்மாவுக்குத் திதி. நோய்ப்பரவல் சமயத்தில் அம்மா போனபோது நானும் தொற்றோடு வீட்டில் அடைந்து கிடந்தேன். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடத் திதியும் நடமாட்டக் கட்டுப்பாட்டிலேயே போய்விட்டது. இந்த முறையாவது குறை வைக்காமல் செய்ய வேண்டும் என்று ஒரு மாதமாக எனக்கு அதே நினைப்பு.

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து என் அக்கா முதல் நாளே வந்துவிட்டார். காலையில் எழுந்து அம்மாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம் எல்லாம் சமைத்துப் படையல் போட்டார். காக்கை எடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் எதையும் வைக்க மாட்டோம். அக்காவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடுதான் நின்றார்.

காக்கை வராதோ என்ற கவலை எனக்கு இருந்ததே இல்லை. அம்மா போனதிலிருந்து மிஞ்சிய சோறு, மீன் தலை எல்லாவற்றையும் தினமும் பின்பக்கச் சுவரில் கொண்டு போய்க் கொட்டுவேன். அம்மாவுக்கே போடுவதாக எனக்கு ஒரு திருப்தி. ஒரு பெரிய கூட்டமே எங்கள் சந்தில் குடியேறிவிட்டது. பின்வீட்டுச் சீன ஆன்டி இரண்டு மூன்று முறை வந்து முறையிட்டார். குப்பைப் பையைக் கிழிக்கின்றனவாம், காய்கிற துணியெல்லாம் எச்சமாம், ஒருநாள் அவர் தலையிலேயே ஒன்று கொத்திவிட்டதாம். நான் பெரிய மனுஷன்போல் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன். காக்கை சம்பந்தமாக நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு அறிவிப்புத் தாள் வந்தது. அதைப் படிக்கவில்லை. காலணி அலமாரியில் போட்டு, அதன்மேல் ஈரக் குடையைச் சாய்த்து வைத்தேன்.

இலையைச் சுவரில் வைத்துவிட்டுக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், அடுத்த தெருவில் படாரென்று ஒரு வெடிச்சத்தம். பிறகு இன்னொன்று. காக்கைகள் எல்லாம் கத்திக்கொண்டே மேலெழும்பிப் போயின. ஐந்து நிமிடத்தில் ஒன்றைக்கூடக் காணோம்.

ஒரு மணி நேரம் நின்றோம். ஒரு மைனா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். அக்காவுக்குச் சர்க்கரை இறங்கி வியர்க்க ஆரம்பித்தது. சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

“அம்மா சாப்பிடாம நான் எப்படிடா சாப்பிடுறது?” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விறுவிறுவென்று தெருமுனைக்குப் போனேன். நகராண்மைக் கழக வேன் நின்றது. பக்கத்தில் துப்பாக்கியோடு மூன்று பேர், கையில் தடித்த கோப்போடு ஒரு தமிழ் அதிகாரி. என் அம்மாவின் சோற்றில் மண்ணைப் போட்டவர் அவர்தான் என்பதுபோல் வாய்க்கு வந்தபடி பேசினேன். அந்த மனிதர் நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், “ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே லெட்டர் போட்டிருந்தோமே, அண்ணே. தெவசம்னு ஒரு போன் அடிச்சிருந்தா, இந்தத் தெருவ நாளைக்குத் தள்ளியிருப்போம்லா” என்றார்.

ஈரக் குடையும் அதன் அடியில் கிடந்த தாளும் ஞாபகத்துக்கு வந்தன.

வீட்டில் யாராவது சாப்பிட்டார்களா என்று அவரே கேட்டார். அக்காவைப் பற்றிச் சொன்னதும், ஆட்களைத் தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு என்னோடு வந்தார். தண்ணீர் குடித்தால் விரதம் கெடாது என்று அக்காவிடம் பக்குவமாகப் பேசி, சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். நான் கெஞ்சியும் கேட்காத அக்கா அவர் சொல்லிக் கேட்டார். பிறகு அந்த அதிகாரி தன் தடித்த கணக்குக் கோப்பைப் பிரித்தார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை காக்கை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். மாதக்கணக்கில் எண்ணியதாம். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, மேரு ஊருக்குப் போகிற வழியில் ஒரு பசார்ச் சந்தையின் பின்பக்கம் இந்நேரம் காக்கை கட்டாயம் இருக்கும் என்றார்.

அவருடைய வேன் முன்னால் போக, என் காரில் அக்கா இலையை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசாருக்கு வெகுதூரம் முன்பே வேன் நின்றுவிட்டது. இறங்கிப் போய்க் காரணம் கேட்டேன்.

“எங்க வேனப் பாத்தாலே பறந்துடும்ணே. இந்தச் சட்டையும் தொப்பியும்கூட அதுங்களுக்குத் தெரியும்” என்றார்.

சீருடைக்கு மேல் போட்டிருந்த பச்சை மேல்சட்டையைக் கழற்றி வேனில் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்தே வந்தார். ஒரு கட்டைச் சுவரில் இலையை வைத்தோம். அக்கா “அம்மா, வாம்மா” என்று கூப்பிட்டார். கூரையிலிருந்து ஒரு காக்கை இறங்கியது. தலையைச் சாய்த்து எங்கள் மூவரையும் பார்த்தது. வடையை விட்டுவிட்டு முதலில் அம்மாவுக்கு உயிரான வாழைக்காயைக் கொத்தியது. நான் அங்கேயே விம்மி அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையும் ஒருநாள் சுடுவீர்களா என்று அவரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அடுத்த மாதம் இந்த இடம்தான் என்றார்.

“இதுங்களையும் வெள்ளக்காரன்தான் கப்பல்ல கொண்டாந்தான்ணே, தோட்டத்துல புழு தின்ன. பாவம், அது மேல தப்பில்ல. நாம போடப் போடப் பெருகிடுச்சு. மத்த பறவையோட கூட்டையெல்லாம் கலைக்குது. தெவசத்துக்கு ஒரு பிடி வைங்க, யாரு வேணாங்கிறா? எடுத்ததும் மிச்சத்த வாரிடுங்க.”

அப்படியே மிச்சத்தை வாரி எடுத்துக்கொண்டு வந்தோம். வீட்டில் அவருக்கும் இலை போட்டோம். வேலை நேரம் என்று மறுத்தவர், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வடையை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் நான் பின்வீட்டு ஆன்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தினமும் சோறு கொட்டும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். இப்போது எங்கள் சந்தில் ஒன்றிரண்டு காக்கைகள்தான் வருகின்றன. திதிக்கு அது போதும்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒவ்வொரு திதியிலும் அம்மாவுக்கு இலை வைக்கும்போது, காக்கை சுட வந்த வேலைக்கு நடுவில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்ற அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் காக்கையைக் கூப்பிடுகிறேன்.