பிலோமினா அக்கா தந்த ஒற்றைக் கோப்பை

வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது, என்னோடு படிப்பித்த சாந்தினி போனில் அழைத்தாள். "ரீச்சர், பிலோமினா அக்கா காலமாயிட்டா. காலையில ஆஸ்பத்திரியிலதான்" என்றாள். பல மாதமாக நோயில் கிடந்தவர், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் இறங்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு தரிப்பிடம் தள்ளித்தான் இறங்கினேன்.

எங்கள் பாடசாலையில் அக்கா வரலாறு படிப்பித்தார், நான் கணிதம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், கல்யாணமோ குடிபுகுதலோ, அக்காவின் பரிசு சீனப் பீங்கான்தான். கடையில் ஒவ்வொரு கோப்பையாக வெளிச்சத்துக்குப் பிடித்து, மறுபக்கம் விரலின் நிழல் தெரிகிறதா என்று பார்ப்பார். கடைக்காரர் அலுத்துப்போய் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

"சீனத்து ராசாமார் மத்த ராசாமாருக்கு அனுப்பின சாமான்கா இது" என்று, எல்லாரையும் கூப்பிடும் அந்தக் 'கா'வோடு சொல்வார். "இதைச் செய்யிற விதம் கனகாலம் வேற ஒருத்தருக்கும் பிடிபடல்ல." கப்பலில் தேயிலைப் பெட்டிகளுக்கு அடியில் பீங்கானை அடுக்குவார்களாம். உப்புத் தண்ணீர் புகுந்தாலும் தேயிலைதான் கெடும், பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. அக்கா சொல்லும்போது ஏதோ தானே கப்பலில் நின்று அடுக்கியதுபோல இருக்கும்.

நாங்கள் வீடு குடிபுகுந்தபோது எனக்கும் ஒரு செற் தந்தார். ஆறு கோப்பைகள், வெள்ளையில் நீல மீன்கள். பெட்டியைத் திறந்து மேலே இருந்த ஒன்றை மட்டும் பார்த்தேன். அவ்வளவு அழகு. பாவித்தால் உடைந்துவிடும் என்று அப்படியே மூடி அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். நம்மில் பாதிப்பேர் செய்வதுதான். மூன்று வருடம் கழித்து, கல்குடாவில் சாந்தினியின் கல்யாணம். பரிசு வாங்க நேரமில்லை. அந்தப் பெட்டிக்குப் புதுத் தாள் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பைகளுக்கு அடியில் அக்கா ஒரு சிறு அட்டை வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கல்யாண லீவு முடிந்து வந்த சாந்தினி, பாவம், கள்ளமில்லாமல் அதை எல்லார் முன்னாலும் நீட்டினாள். "பிலோமினா ரீச்சர், தேவகி ரீச்சர் தந்த பெட்டிக்குள்ள உங்கட எழுத்து கிடந்திச்சு." 'என் தங்கச்சி தேவகிக்கு' என்று எழுதியிருந்தது. அக்கா வாசித்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஆறு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கென்று கொண்டுவரும் இடியப்பப் பொதியும் நின்றுபோனது. கதிரையைக்கூட ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இருந்த ஒருவரையும் என் சோம்பலால் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என் வீண் ரோசம் அப்படி.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய பேப்பரில் சுற்றிய ஒரு கோப்பையோடு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார்.

"செற்றாத் தந்தா ஊருக்குக் குடுத்திருவாய். ஒத்தக் கோப்பைய ஆருக்குகா குடுப்பாய்?"

நேரே குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றி, அந்தக் கோப்பையில் தந்தார். "ஆறுறதுக்குள்ள குடி." அழுதுகொண்டே குடித்தேன்.

அதன் பிறகுதான் யாருக்குப் பரிசு கொடுத்தாலும், சில நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தானே பிரித்து முதல் தேத்தண்ணியை ஊற்றும் வழக்கம் அக்காவுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தாலும் விடமாட்டார். அதற்குக் காரணம் நான்தான் என்பதை இன்றுதான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் தினமும் பாவித்த அந்தக் கோப்பை போன மாதம் கை நழுவி உடைந்தது. பயந்து பயந்து ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். குரல் மெலிந்திருந்தது, ஆனாலும் சிரித்தார்.

"நல்லம். பாவிச்சாத்தானே உடையும்."

"அதில்லக்கா. அண்டைக்கு அந்தப் பெட்டிய நான்..." என்று தொடங்கினேன். மேலே வரவில்லை.

"தெரியும்கா. விடு" என்றார்.

அக்காவின் நினைவாக அலுமாரியில் வைக்க என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அந்த 'விடு' இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.