இருபத்தேழு பெயர்கள்

மேசைமேல் ஒரு தாள் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் விமானச் சாப்பாட்டுப் பட்டியல். மறுபக்கத்தில் என் கையெழுத்தில், தமிழில், மேலிருந்து கீழாக இருபத்தேழு பெயர்கள். ஒன்றுகூடத் தமிழ்ப் பெயர் அல்ல.

அவற்றைச் சொல்லச் சொல்ல எழுதினது டோர்வல் விமான நிலையத்தருகே, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில். சொன்னவரை நாங்கள் சீன அண்ணை என்போம். பல வருடம் என் பக்கத்தில் நின்று வேலை செய்த பிறகுதான், தான் பெரும்பான்மை ஹான் இனம் அல்ல, மலைநாட்டு யீ இனம் என்றார். வீட்டிலிருந்த அச்சிட்ட வம்சாவளி நூல், அவருடைய மூதாதையை வடக்கிலிருந்து வந்த ஹான் படைவீரன் என்றது. "அது பிழைக்கிறதுக்கு எழுதின பொய்" என்றார். யீ எழுத்திலிருந்த உண்மை நூலை அவருடைய தகப்பன் பிடிபடும் பயத்தில் அடுப்பில் எரித்துவிட்டு, பெயர்களை மட்டும் அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார். தகப்பன் பெயர் முடியும் அசையில் மகன் பெயர் தொடங்கும்.

என் வேலை அட்டையைப் பார்த்து, "உன்ர பேருக்கு முன்னால உன்ர அப்பா நிக்கிறார். நீதான் எழுதவேணும்" என்றார். அவருடைய உடைந்த பிரெஞ்சு எனக்குத் தமிழாகத்தான் நினைவிருக்கிறது. இறந்தவனின் பெயரில் தொடங்கி மேல்நோக்கி வாசித்தால் அவன் முன்னோரிடம் போய்ச் சேருவான். வாசிக்க ஆளில்லாவிட்டால் வழியில் நிற்பான் என்றார். ஹானாகவே வளர்ந்த அவருடைய மகன் வாசிக்க மாட்டான். ஆகவே நான். கடைசியில் மகனின் பெயரையும் எழுதச் சொன்னார். "அதை மட்டும் வாசிக்காதை. உயிரோட இருக்கிறவனைக் கூப்பிட்டா அவையளிட்ட வெளிக்கிட்டிடுவான்."

"ஆற்றையோ செத்த சனத்தை ஏன் வீட்டுக்குள்ள கொண்டு வாறியள்?" என்றாள் மனைவி.

"சாப்பாடு கேக்கமாட்டினம், விடுமப்பா" என்றேன்.

அண்ணையின் இறுதிச் சடங்கில் மகனின் மாமனார் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். அவன் என்னருகே வந்து, "அங்கிள், இவையளுக்கு முன்னால வேண்டாம். நாங்கள் ஹான். புத்தகத்திலயும் அப்பிடித்தான் இருக்கு" என்றான். "ஓம்" என்று தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். அவன் தடுத்ததால்தான் வாசிக்கவில்லை என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. அந்நியர் முன்னால் அந்தப் பெயர்களை வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் கேட்டதும் ஆறுதலாக இருந்தது. அன்று முதல், ரொக்ஸ்பரோ ரயில் மேடையில் வண்டி வந்தும் ஏறாமல் நிற்கும் எவருடைய முகத்தையும் நான் பார்ப்பதில்லை.

இன்று காலை அண்ணையின் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தான். குரல் தகப்பனுடையதைப்போலத் தேய்ந்திருந்தது.

"அங்கிள், அந்தத் தாள் இருக்கா?"

"இருக்கு."

"டொக்டர்மார் இனி ஏலாது எண்டிட்டினம். எனக்கு நீங்கள் வாசிக்கவேணும். என்ர பேரில இருந்து."

தாளை விரித்து வைத்திருக்கிறேன். நாக்குப் பழகவேண்டும், நாள் அதிகம் இல்லை. ஆனால் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். ஆகவே கடைசிப் பெயரை விரலால் மூடிக்கொண்டு, அதற்கு மேலே உள்ள பெயரை வாய்விட்டு வாசிக்கிறேன். அது அண்ணையின் பெயர்.