சூட்கேசில் வந்த தம்பி

என் தம்பி வீடியோ காலில் முகம் காட்டுவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். பேசுவான், மணிக்கணக்கில் பேசுவான், கேமராவை மட்டும் போடமாட்டான். "நெட்டு இழுக்குதும்மா" என்பான். அதே நெட்டில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் என்னோடு கார் பந்தயம் ஓட்டுவான், ஒரு வளைவில்கூட இழுக்காது. இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். உடையார்பாளையம் பக்கம் ஒரு இடம் ஏறக்குறைய கூடிவந்திருந்தது. பெண் வீட்டில், பையனிடம் ஒருமுறை வீடியோவில் பேசிவிடலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான். இவன் இன்றைக்கு நாளைக்கு என்று நழுவிக்கொண்டே இருந்தான். அம்மா வெளியில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெரம்பலூரிலிருந்து எனக்குப் போன் செய்யும்போதெல்லாம், "அவனுக்கு ஒடம்புக்கு ஏதும் இல்லல்ல?" என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். எனக்கும் அதே பயம்தான். கைகால் போயிற்றா, முகத்தில் ஏதாவது பட்டுவிட்டதா என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன். கேட்டால் எரிந்து விழுவான்.

அந்தச் சமயத்தில்தான் அப்டேட் செய்தி வந்தது. அரியலூரில் நான் வைத்திருக்கும் கேம் மெஷின் அவன் வெளிநாடு போகும்போது என்னிடம் விட்டுப்போனது. அவன் அங்கே இன்னொன்று வாங்கிக்கொண்டான். திரையில் இதுவரை நான் ஒரு ஆரஞ்சு நிறப் பூனை, அவன் ஒரு நீல ஹெல்மெட். இனிமேல் அப்படி இல்லையாம். முழுத் திரையும் மாறப்போகிறது. ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் உருவம் செய்துகொள்ளலாம். மூக்கு, காது, நிறம், உயரம், உடுப்பு எல்லாம் நம் இஷ்டம். நண்பர்களின் உருவங்கள் வரிசையாக நம் உருவத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டீச்சர் என்றால் கேம் ஆடக்கூடாது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் அந்த அப்டேட் வீடியோவைப் போனில் மறுபடி மறுபடி ஓடவிட்டபோது பக்கத்து நாற்காலிகளின் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. போகட்டும். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. என் தம்பி வாயால் ஆயிரம் புளுகுவான், ஆட்டத்தில் புளுக மாட்டான். சின்ன வயதில் கிரிக்கெட் கேமில் தனக்கென்று ஒரு ஆட்டக்காரனைச் செய்தபோதுகூட, சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் வாங்கிய தழும்பைத் தேடித்தேடி அவனுக்கும் வைத்தான். ஆகவே உருவம் செய்யச் சொன்னால் உள்ளபடிதான் செய்வான். அப்டேட் வந்தால் அவன் முகம் தெரிந்துவிடும். அதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த உடுப்புகளில் சேலை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும் கொஞ்சம் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர். ஒரு நாள் சாப்பிடும்போது அவரிடம் இதை விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஒடம்பக் கொறச்சுக் காட்டுற வசதியும் உண்டா?" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது முறை ரசம் கிடைக்கவில்லை.

கடைசியில் அப்டேட் ஒரு சனிக்கிழமை என்று அறிவித்தார்கள். தம்பிக்கும் அன்றைக்கு லீவு. மறுநாள் அவனைப் பாலைவனத்துக்குள் ஒரு சைட்டுக்கு அனுப்புகிறார்கள், அங்கே டவரே சரியாகக் கிடைக்காது, எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. எல்லாம் பொருந்தி வந்தது என்று நான் குஷியாக இருக்கும்போது வெள்ளிக்கிழமை பேப்பரில் அந்தச் செய்தி. மாதாந்திரப் பராமரிப்புக்காக அரியலூரில் நாளை பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேப்பரைக் கசக்கிவிட்டு, அவர் இன்னும் படிக்கவில்லையே என்று மறுபடி நீவி வைத்தேன்.

பெரம்பலூரில் கரண்ட் இருக்கிறதே என்பது விடிந்ததும்தான் தோன்றியது. அம்மா வீட்டில் டிவி பெரியது, கேபிள்காரர் கொடுத்த நெட்டும் உண்டு. கணவர் அதற்குள் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஆலைக்குள் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், அதனால் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். மெஷினை வெறும் பையில் போட்டுக் கொண்டுபோக முடியாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழியாக்கிய ரோட்டில் பஸ் குதிக்கிற குதியில் உள்ளே இருப்பதெல்லாம் தூளாகிவிடும். கல்யாணத்தின்போது வாங்கிய பெரிய சூட்கேசை எடுத்தேன். அடியில் நான்கைந்து சேலை, நடுவில் மெஷின், சுற்றிலும் மேலும் சேலைகள், காலி இடத்தில் இரண்டு போர்வை. மூடிப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "அம்மா வூட்டுக்கா?" என்றார்கள். "ஆமாங்க, திடீர்னு முடிவு பண்ணிட்டேன்" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் மகள் பெரிய பெட்டியோடு தனியாக வந்து இறங்கினால், எங்கள் பக்கம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அழுதுவிடுவாள் என்று நினைப்பு. முதலில் தண்ணீர், அப்புறம் சாப்பாடு, அப்புறம் கொல்லைப்பக்கம் போய்ச் சம்மந்தி வீட்டுக்கு ஒரு போன். இந்த வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் புத்தி முழுக்க அப்டேட்டில் இருந்தது.

அம்மா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "மொதல்ல தண்ணி குடி" என்றாள். நான் குடித்த கையோடு பெட்டியைத் திறந்தேன். சேலை சேலையாக எடுத்துச் சோபாவில் அடுக்கினேன். நடுவிலிருந்து மெஷின் வெளிவந்தபோது அம்மாவின் முகம் வெளுத்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டுச் சாமானைக்கூடப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று எண்ணியிருக்கிறாள்.

அப்பா தலையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டியிருப்பார். அன்றும் அதோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒயர் மாட்டுவதைச் சற்று நேரம் பார்த்தார்.

"எத்தன நாளு வேணாலும் இரும்மா" என்றார்.

"சாயந்தரம் போயிடுவேம்ப்பா" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் அவசரமில்ல" என்று என் தலையைத் தடவிவிட்டு எழுந்துபோனார். வயதானால் பாசம் கூடிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு அப்டேட்டைத் தட்டிவிட்டேன். ஆமை வேகத்தில் இறங்க ஆரம்பித்தது. அம்மா அன்றைக்குக் கேட்காமலே வடை சுட்டுக் கொடுத்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் தாண்டி வாசலில் பைக் சத்தம். கணவர், ஆலை யூனிபாரத்தோடு, புருவமெல்லாம் சிமெண்ட் தூசி. பின்னால் என் மாமியார். திருமானூரில் கரும்பு வெட்டுக்கு ஆள் விட்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, பஸ் பிடித்து அரியலூர் வந்து, மகனை ஆலை கேட்டிலேயே மடக்கி அழைத்து வந்திருந்தார்கள். அத்தை உள்ளே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்மந்தி, நான் எம் மவனத்தான் குத்தம் சொல்லுவேன். என்ன நடந்திச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டியதில்ல" என்றார்கள்.

கணவர் அப்பாவின் முன்னால் நின்று, "அது சும்மா வெளாட்டுக்குச் சொன்னதுங்க மாமா" என்றார்.

"எது மாப்ள?"

"ஒடம்பு பத்தி. குண்டுன்னு நான் சொல்லவே இல்லீங்க. கொறச்சுக் காட்டலாமான்னுதான் கேட்டேன்."

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சோபாவில் சேலைகள், நடுவில் நான், சுற்றி எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரண்ட் கட்டையும் சூட்கேசையும் நான் விளக்கி முடித்தபோது அத்தை பெருமூச்சு விட்டு, "கரும்பு வெட்ட வுட்டுட்டு ஓடியாந்தேனே" என்று உட்கார்ந்தார்கள். கணவர் மெசேஜைப் பார்க்கவே இல்லையாம். அம்மாவுக்கு மட்டும் சுட்டுப்போட்ட வடையை நினைத்துக் கோபம்.

அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு இசை வந்தது. அப்டேட் முடிந்துவிட்டது. வந்தவர்கள் வந்ததற்கு ஏதாவது பார்க்கவேண்டும் அல்லவா, எல்லோரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

என் உருவத்தை நான் தனியாக, ரசித்து ரசித்துச் செய்ய ஆசைப்பட்டிருந்தேன். அது நடக்கவில்லை. அத்தை மூக்கைச் சின்னதாக்கச் சொன்னார்கள். அம்மா நிறத்தைக் கூட்டச் சொன்னாள், நான் மாட்டேன் என்று மாநிறத்திலேயே நிறுத்தினேன். பொட்டு இல்லை. மூக்குத்தி இருந்தது, ஆனால் உதட்டிலும் புருவத்திலும் குத்துவதற்கு. சேலை கிடையவே கிடையாது. கோட்டு மட்டும் விதவிதமாக நாற்பது கடைக்குப் போதுமான அளவு இருந்தது. அத்தைதான் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டி, "இது எடுப்பா இருக்கு கண்ணு" என்றார்கள். இடுப்பளவு வந்தபோது கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளதை உள்ளபடியே வைத்தேன்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். தம்பி லைனில் வந்துவிட்டான். அவன் குரல் எனக்கு மட்டும்தான் கேட்கும். இங்கே ஒரு குடும்பமே கூடியிருப்பது அவனுக்குத் தெரியாது.

"அக்கா, சிரிச்சுடாத" என்றான். "இதான் நெசம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

நான் வாயைத் திறப்பதற்குள் திரையின் ஓரத்திலிருந்து ஓர் உருவம் நடந்துவந்து பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. தாடையில் தழும்பு. நீலச் சட்டை. கை இரண்டும் இருந்தது, கால் இரண்டும் இருந்தது. முகம் நன்றாக இருந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லை.

அவ்வளவுதானா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காதில் அவன் பேசிக்கொண்டிருந்தான். அங்கே போன கொஞ்ச நாளிலேயே நெற்றி ஏறி, பிறகு உச்சியும் போய், மிச்சத்தையும் அவனே வழித்துவிட்டானாம். "பொண்ணு வூட்டுல முடியோட இருக்கற போட்டோதான இருக்கு. அத பாத்துத்தான சரின்னாங்க. நான் எந்த மூஞ்சியோட போயி கேமரா முன்னாடி நிக்கிறது?"

"ஏன் தலையில ஒண்ணும் இல்ல?" என்றாள் அம்மா எனக்குப் பின்னாலிருந்து. "வேண்டுதலா?"

காதில் சத்தம் நின்றுபோனது. அம்மாவின் குரல் மைக்கில் போய்விட்டது.

அம்மா என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் காதில் தலைகீழாக மாட்டிக்கொண்டாள். அவன் என்ன சொன்னானோ தெரியாது. அவள் திரையைப் பார்த்தே பேசினாள். "இதுக்காடா? இதுக்காடா இத்தன நாளு? நான் என்னென்னமோ நெனச்சு சோறு எறங்காம கெடந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதே மொட்டைத் தலை. திரையில் சின்னதாக ஒன்று, பக்கத்தில் பெரிதாக ஒன்று. அத்தை, "அச்சு அசலு" என்றார்கள்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே ஒங்கப்பாவுக்கு இப்படித்தான்டா" என்றாள் அம்மா. "துண்ட அவுத்துக் காட்டிட்டுத்தான் ஒக்காந்தாரு. அதுக்குத்தான் நான் சரின்னேன்." அப்பா காதுவரை சிவந்துவிட்டார்.

அம்மா அதோடு விடவில்லை. என் கணவரிடம், திரையில் நிற்கும் உருவத்தைப் படம் எடுத்து, பெண் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். "இப்ப இப்படித்தான் இருக்கான்னு போட்டு வுடுங்க மாப்ள." அவர்கள் என்ன நினைத்தார்களோ, கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பொம்மை நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளையையும் காட்டினால் தேவலை என்று. அன்றைக்கு மாலையே அவன் கேமரா போட்டான், முதலில் எங்களுக்கு, பிறகு அவர்களுக்கு.

அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு, நான் சாயங்காலம் சூட்கேசோடும் கணவரோடும் அரியலூர் திரும்பினேன். எதிர்வீட்டு அம்மா, "எல்லாம் சரியாப் போச்சா?" என்று மெல்லக் கேட்டார்கள். சரியாகத்தான் போனது, பெட்டியில் சேலைகள் மட்டும்தான் இருந்தன. கிளம்புமுன் மெஷினைக் கழற்றப் போனபோது அம்மா குறுக்கே நின்றுவிட்டாள். அவன் நாளைக்குப் பாலைவனத்துக்குப் போய்விடுவான், டவர் கிடைக்காது, இங்கேயாவது நிற்கட்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது, இன்னமும் இருக்கிறது. என் வெள்ளிக்கிழமை போயிற்று.

அம்மாவுக்கு ஒரே ஒரு பட்டனை அழுத்தத் தெரியும். காலையில் விளக்கேற்றியதும் அதை அழுத்திவிடுகிறாள், தம்பியின் உருவம் டிவியில் வந்து நிற்கும். சும்மா விட்டால் அந்த உருவங்கள் தாமாகவே சோம்பல் முறிக்கும், கை காட்டும். அது எல்லா உருவமும் செய்கிற வேலைதான் என்று நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. போன வாரம் வகுப்புக்குப் போகிற நேரத்தில் போன் செய்தாள்.

"தம்பி இப்பத்தான் கொட்டாவி வுட்டான்" என்றாள். "ராத்திரி சரியாத் தூங்கலன்னு நெனக்கிறேன். டவரு கெடச்சா நீ ஒரு வார்த்த கேளு."