என் முதுகில் வளைந்த தகரப் பம்பு

சைக்கிள் பம்பு வாங்கப் போகிறவர்கள் கையில் தூக்கிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், மட்டமா உசத்தியா என்று தடவிப் பார்ப்பார்கள். நான் இரண்டு ரகத்தையும் சண்டையில் பார்த்தவன். தகரப் பம்பு என் முதுகில் விழுந்தது. பித்தளைப் பம்பு என் கையிலிருந்து இன்னொருவன் காலில் விழுந்தது. தகரம் வளைந்தது, கால் எலும்பு உடைந்தது, பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்பு.

அப்பனும் அம்மாளும் கீழ்நாட்டிலிருந்து ஏற்காடு மலைக்கு வந்து காபிப் பழம் பறித்தவர்கள். துரைமார் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுக் கப்பலேறிப் போன காலத்தில் நான் இளவட்டம். ஒருநாள் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் எல்லார் முன்னாலும் என்னைக் கன்னத்தில் அறைந்தார். திருப்பி அறைந்தேன். ரைட்டரின் கண்ணாடி தெறித்துக் காபிச் செடிக்குள் போய் விழுந்தது, அதோடு என் வேலையும் போயிற்று. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், சில்வர் ஓக் மரத்தடியில், இரண்டு பழைய சைக்கிளை நிறுத்தி வாடகைக் கடை போட்டேன். யாரிடமும் கைகட்டி நின்று போட்ட கடை அல்ல.

எதிரில் ஏற்கெனவே ஒருவன் சைக்கிள் கடை வைத்திருந்தான். என்னைவிட மூத்தவன், எருமைக்கடா போல உடம்பு. அவனிடம் இருந்தது தகரப் பம்பு, உள்ளே ரப்பர் வாஷர். மலைக் குளிரில் அந்த ரப்பர் விறைத்துப்போகும். கைப்பிடியை அழுத்தினால் பாதிக் காற்று மேல்வழியாகவே சீறிக்கொண்டு ஓடிவிடும். கரடியூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் பலாப்பழம், ஆரஞ்சு மூட்டை கட்டிக்கொண்டு சேலத்துக்கு மலை இறங்குகிற குடியானவர்கள், பாதி வளைவு தாண்டுவதற்குள் சக்கரம் தரையோடு ஒட்டிக்கொள்கிறது என்று அவனைத் திட்டுவார்கள். திட்டினாலும் அடுத்த சந்தைக்கு அவனிடம்தான் போவார்கள். வேறு பம்பு இல்லையே.

நான் சேலத்துக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு ரகத்தையும் எடுத்து வைத்தார்.

"தகரமே போதுமுங்க. மலையில என்ன அத்தனை சைக்கிளா ஓடுது?"

"ஓட வெக்கறதுக்குத்தானுங்க வந்திருக்கறேன்" என்று பித்தளையை எடுத்தேன். தோல் வாஷர், காலால் மிதிக்க இரும்பில் கனமான அடித்தட்டு. கையிலிருந்ததெல்லாம் அதற்கே போய்விட்டதால், தோளில் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தே ஏறினேன்.

புறப்படும்போது கடைக்காரர், "தோலுக்குத் தேங்காயெண்ணெ ஊத்துங்க, பூவாட்டம் இருக்கும்" என்று சொன்னார். அவருக்குக் கீழ்நாட்டு வெயில்தான் தெரியும். மார்கழியில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்காத வீடு எங்கள் மலையில் கிடையாது. நான் உறையாத விளக்கெண்ணெயை ஊற்றினேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கொஞ்ச நாளில் சுமை சைக்கிள் எல்லாம் என் மரத்தடிக்கு வந்துவிட்டன. எதிர்க்கடைக்காரன் முதலில் சிரித்தான். "ஏன்டா, பித்தளையில காத்தடிச்சா சைக்கிள் தங்கமாயிருமா?" பிறகு சிரிப்பு நின்றது. கார்த்திகைக் கடைசியில் அவனும் அதே கடைக்குப் போய் அதே பித்தளைப் பம்பை வாங்கி வந்தான். கடைக்காரர் சொன்னபடியே தேங்காயெண்ணெய் ஊற்றினான். அதுவும் பெருமைக்குக் குழாய் நிறைய ஊற்றினான். பிறந்ததிலிருந்து மலையில் இருப்பவன், தலைக்கு வைக்கிற எண்ணெய் உறையும் என்று தெரிந்தவன், பம்புக்குள்ளும் அது உறையும் என்று நினைக்கவில்லை.

மார்கழிச் சந்தை நாள், விடிந்தும் மூடுபனி கலையவில்லை. புதுப் பம்பைப் பார்க்கக் கூட்டம் அவன் கடைமுன் நின்றது. அவன் கைப்பிடியை அழுத்தினான், இறங்கவில்லை. கடையில் கூட இருந்த அவன் மச்சினன்மார் இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். அப்போதும் இறங்கவில்லை. கூட்டம் சிரித்துவிட்டு என் பக்கம் நகர்ந்தது.

அவன் பழைய தகரப் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். மச்சினன்மார் பின்னால் வந்தார்கள்.

"டேய், என் பம்புக்கு என்னடா பண்ணுன?"

"ஏனுங்கண்ணா, நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கலையே."

"தொடாமத்தான்டா கட்டிப் போட்டிருக்கற. மந்திரிச்ச எலுமிச்சம்பழத்தை எங்கடா பொதைச்ச? உன் பம்பை நசுக்கிட்டு, உன்னையும் மலையை உட்டு எறக்கறேன் பாரு."

பித்தளைக் குழாயில் சின்ன நசுங்கல் விழுந்தாலும் உள்ளே வாஷர் ஓடாது. அப்புறம் நான் மறுபடி ரைட்டர் காலடியில் போய் நிற்க வேண்டும். அதற்குச் சாகலாம். பம்பைக் கீழே போட்டு அதன்மேல் கவிழ்ந்து படுத்தேன்.

மச்சினன்மார் விலாவில் உதைத்தார்கள். ஒரு உதை வாயில் விழுந்து பல் கழன்றது. தகரப் பம்பு முதுகில் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. தோல் கிழிந்து ரத்தம் இடுப்புக்கு இறங்குவது சூடாகத் தெரிந்தது. ஒரு அடிக்குக்கூட நான் கத்தவில்லை. அடியில் இருந்த பம்பு மட்டும் மார்பெலும்பில் குத்திக்கொண்டிருந்தது.

ஆரஞ்சு மூட்டையோடு நின்ற கரடியூர்க்காரர் ஒருவர் சொன்னார். "ஏனுங்க, உங்க பம்பு வளைஞ்சு போச்சுங்க. நிமித்திக்கிட்டு அடியுங்க."

கூட்டம் சிரித்தது. எதிர்க்கடைக்காரன் தன் கையைப் பார்த்தான். தகரம் அரிவாள் போல வளைந்திருந்தது. அந்தக் கண்ணிமைப்பில் எழுந்தேன். குழாயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, இரும்பு அடித்தட்டால் அவன் முழங்காலுக்குக் கீழே வீசினேன். காய்ந்த காபிக்கட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவன் விழுந்தான். பெரிய மச்சினன் வாயில் ஒன்று வைத்தேன், என் பல்லுக்கு அவன் பல். சின்னவன் பனிக்குள் ஓடினான். கீழே கிடந்தவனை மறுபடி அடிக்க ஓங்கினபோது டீக்கடை அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"போதும் சாமி. செத்துக்கித்துப் போயிறப் போறான்."

கரடியூர்க்காரர் கேட்டார். "இன்னும் அதுல காத்து வருதுங்களா?"

அவருடைய சக்கரத்தில் மாட்டி அழுத்தினேன். இறங்கியது. ரத்தம் சொட்டச் சொட்ட அடித்தேன். அவர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "கல்லாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையோடு கிளம்பினார்.

எதிர்க்கடைக்காரனை டீக்கடைப் பெஞ்சில் படுக்கவைத்து, காலைப் பலகையோடு கட்டி, ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். பனி விலகி வெயில் வந்தது. அவனுடைய புதுப் பம்பு அவன் கடைமுன் நல்ல வெயிலில் நின்றது. நான் நடந்துபோய் ஒரு கையால் அழுத்தினேன். உள்ளே எண்ணெய் உருகியிருந்தது. கைப்பிடி சத்தமில்லாமல் அடிவரை இறங்கியது.

அவன் பார்த்தான். மூன்று ஆம்பளைகள் தொங்கியும் இறங்காதது. முகம் வெளுத்துப் போயிற்று.

"சாமி" என்று என்னைக் கும்பிட்டான். "எம்பொண்டாட்டி புள்ளைகளை மட்டும் உட்டுருங்க."

"பாக்கலாம்" என்றேன்.

அவன் அதற்குப் பிறகு கடை திறக்கவில்லை. கிளியூரில் மாமனார் காட்டில் நொண்டிக்கொண்டே மண்வெட்டி பிடித்தான். என்னைப் பார்த்தால் வழியை விட்டு ஒதுங்குவான். பஸ் நிற்கும் இடத்தில் என்னிடம் குரலை உயர்த்த அப்புறம் ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. மந்திரம் தெரிந்தவன் என்றார்கள். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மார்கழி பிறந்தால் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் விளக்கெண்ணெய் ஊற்றுவேன்.