மதிவாணனின் மூன்று ரீடிங்

பொன்னேரி தாலுகா ஆபீஸில் முதல் பட்டதாரி சான்றுக்கு வரிசையில் நின்றபோதுதான் மதிவாணனைப் பார்த்தேன். பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குப்பம். அவன் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, அதுவரை காலேஜ் படி ஏறியவர் கிடையாது. காலை ஒன்பது மணிக்கே அவன் கையில் சிவப்பு எனர்ஜி டிரிங்க் பாட்டில்.

“இன்னாபா, நாஷ்டாவே இதானா?” என்று கேட்டதற்குச் சிரித்தான். “எங்கம்மா கட்டிக் குடுத்தனுப்புது.”

உண்மைதான். படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் குடிக்கிறார்கள், உடம்புக்குச் சத்து என்று கடைக்காரன் சொன்னதை அவன் அம்மா கனகாம்பாள் அப்படியே நம்பிவிட்டாள். மீன் விற்றுத் திரும்பும்போது வாரத்துக்கு அரை டஜன் வாங்கி வருவாள். முட்டையைக்கூட நிறுத்திவிட்டாள்.

மதிவாணன் வேதியியல் படித்தான். மூன்றாம் ஆண்டில் கும்மிடிப்பூண்டி ரசாயன ஆலை ஒன்று அவனை லேப் வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக் கூடாது. எழுத்துத் தேர்வெல்லாம் முடித்துவிட்டான். மிச்சம் இருந்தது பிராக்டிகல் மட்டும்.

அது பாடு நாளில் வந்து விழுந்தது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது குப்பத்தில் முறை வைத்து வரும். அதுதான் பாடு. முறைக்குப் போகாவிட்டால் இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அண்ணன் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போய்விட்டான். அப்பா லோகநாதன் ஒற்றை ஆளாக வலை இழுக்க முடியாது. விடியுமுன் அப்பாவோடு இறங்கிய மதிவாணன், எட்டு மணிக்குக் கரையேறிக் குளித்தான்.

“தூங்கி வழியாத நைனா, இன்னும் ரெண்டு எடுத்துக்கோ” என்று பையில் திணித்தாள் கனகாம்பாள். பஸ்ஸில் இரண்டு, காலேஜ் வாசலில் இரண்டு. வயிற்றில் வேறொன்றும் இல்லை.

லேபில் பியூரெட் குழாயைப் பிடித்ததும் கை நடுங்கியது. பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் ரோஸ் நிறம் வந்த நொடியில் குழாயை மூட வேண்டும். அவன் மூடுவதற்குள் இரண்டு மில்லி இறங்கிக் குடுவை ஊதாவானது. மறுபடி இரண்டு முறை விட்டான், இரண்டு முறையும் ஊதா. நெஞ்சு டமடமவென்று அடித்தது. எத்தனை மில்லி இறங்கியது என்ற மூன்று ரீடிங்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அவனுடையது மூன்றும் மூன்று திசையில் நின்றது.

பக்கத்து மேஜை ஆகாஷ் முணுமுணுத்தான். “டேய், மூணுலயும் பதினெட்டு புள்ளி நாலுன்னு போட்டுட்டுப் போய்க்கினே இரு. யாரு பாக்கப்போறா?”

போட்டிருந்தால் தேறியிருப்பான். போடவில்லை. பெரிய நேர்மை என்று சொல்ல ஒன்றுமில்லை, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேடம் அதற்குள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

“ஏம்பா, கை இப்படி ஆடுது? ஜுரமா?”

“இல்ல மேடம். எனர்ஜி டிரிங்க்... நாலு.”

“நாலா! போய் உக்காந்து தண்ணி குடி.”

உட்கார்ந்தான். கை அடங்கும் முன்னே நேரம் முடிந்தது. கணக்குப் பக்கம் காலி. முப்பத்தெட்டு மார்க், பாஸுக்கு நாற்பது.

ஆலை வேறொருவரை எடுத்துக்கொண்டது. விஷயம் தெரிந்ததும் கனகாம்பாள் கடை வாசலில் நின்று கத்தினாள். “சத்துன்னு சொன்னியே, இப்போ எம்புள்ள வேலை பூட்ச்சே! நீயா தருவே?” கடைக்காரன், “ஒண்ணு குடிக்கச் சொன்னா நாலு குடிச்சா நான் இன்னா பண்ண?” என்றான். வீட்டில் வந்து மகனிடம், “நான்தான்டா கெடுத்தேன்” என்று அழுதாள். “நீ குடுத்தே, நான் குட்ச்சேன். ஆளுக்குப் பாதி” என்றான் அவன்.

நவம்பரில் மறுதேர்வு. கெட்ட நேரம், அதற்கு முந்திய நாள் ராத்திரியே பாடு வந்தது. லோகநாதன் யாரையும் கேட்கவில்லை. அந்த முறையை அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, “போய்ப் படு” என்றார் மகனிடம். அன்று ஏரியில் நல்ல இறால். அது அடுத்த வீட்டு வலையில். மதிவாணன் நன்றாகத் தூங்கி, மறுநாள் கஞ்சி குடித்துவிட்டுப் போய் எழுபத்தொன்று வாங்கினான்.

முதலில் தேர்ந்தெடுத்த ஆலை திரும்பக் கூப்பிடவில்லை. கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு சிறிய பெயின்ட் கம்பெனியில் தரப் பரிசோதனை லேபில் இருக்கிறான். ஒரு வருடம் ஆகிறது, இன்னும் கான்ட்ராக்ட்தான்.